மலைப்பாதையை அகலப்படுத்தினால் விபத்து குறையுமா?

கொல்லிமலைப் பாதையில் ஒரு பைக் தடுப்புச்சுவரில் மோதியது என்று செய்தி வந்தால் போதும், அடிவாரத்து டீக்கடையில் இரண்டு கட்சி பிரிந்துவிடும். "ரோட்டை அகலப்படுத்தாம விட்டதுதான் காரணம்" என்பது ஒரு கட்சி. "குண்டும் குழியுமா கிடந்தப்ப எவனும் விழல. பளபளன்னு தார் போட்டாங்க, பறக்க ஆரம்பிச்சுட்டானுங்க" என்பது எதிர்க்கட்சி. இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டில் எதை அப்படியே நம்பிச் சாலையைத் திருத்தினாலும் பணம்தான் செலவாகும், விபத்து குறையாது.

நாமக்கல் மாவட்டத்தில் காரவல்லி அடிவாரத்திலிருந்து சோளக்காட்டுக்கு ஏறும் அந்தப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே குடியிருப்பவர்கள் ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் இறங்க, மிளகும் காபியும் பலாவும் அன்னாசியும் சந்தைக்குப் போக அந்தப் பாதை வேண்டும். இன்று சனி, ஞாயிறானால் அதே பாதையில் ஆகாய கங்கை அருவிக்கும் அறப்பளீசுவரர் கோயிலுக்கும் போகிறவர்கள், அப்புறம் எந்த இடத்துக்கும் போகாமல் அந்த 70 வளைவையே ஓட்டிப் பார்க்க வருகிறவர்கள் என்று கூட்டம் சேர்ந்துவிடுகிறது. 40 வளைவுள்ள வால்பாறைப் பாதை, 36 வளைவுள்ள கல்லட்டிப் பாதை, 20 வளைவுள்ள ஏற்காட்டுப் பாதை எல்லாவற்றிலும் இதே கதைதான். உள்ளூர்க்காரர்களுக்காகப் போட்ட ரோடு, உல்லாசப் பயணிகளின் ரோடாகவும் ஆகிவிட்டது.

இப்படிப்பட்ட சாலையைப் பாதுகாப்பாக ஆக்குவது என்றால் என்ன என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

சாம்பார் வாளியும் சமையற்கட்டு மூலையும்

கல்யாண மண்டபத்தில் பந்தி நடக்கிறது. சமையற்கட்டிலிருந்து கூடத்துக்கு வரும் நடை ஓரிடத்தில் சட்டென்று மடங்குகிறது. பரிமாறுகிறவர் கொதிக்கும் சாம்பார் வாளியோடு வருகிறார். எதிரே பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். மூலையில் அடுக்கிவைத்த நாற்காலிகள் இரு பக்கப் பார்வையையும் மறைக்கின்றன.

நடையை இரண்டடி அகலப்படுத்தினால் என்ன ஆகும்? பிள்ளைகள் இன்னும் வேகமாக ஓடுவார்கள். மூலை பழையபடி மறைவாகத்தான் இருக்கும். நாற்காலிகளை அப்புறப்படுத்தினால்? வாளி வருவது நாலடி முன்பே தெரியும், நின்றுவிடலாம். நாற்காலியை எடுக்க வழியில்லையா, மூலைக்கு முன்னால் ஓட முடியாதபடி எதையாவது செய்ய வேண்டும்.

சாலைப் பாதுகாப்பில் முக்கால்வாசி இந்த மூலைக்குள் அடங்கிவிடும். எவ்வளவு தூரத்தில் பார்க்கிறோம், பார்த்த பிறகு நிற்க எவ்வளவு தூரம் ஆகிறது என்ற இரண்டும் ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி. அகலம் இந்தக் கேள்விக்குள்ளேயே வரவில்லை பாருங்கள்.

பார்க்கும் தூரம், நிற்கும் தூரம்

ஓட்டுபவரின் கண்ணுக்கு மறைவில்லாமல் தெரியும் சாலையின் நீளம் பார்வைத் தூரம். எதிரே ஒன்றைக் கண்ட நொடியிலிருந்து வண்டி முழுதாக நிற்கும் வரை அது ஓடும் தூரம் நிறுத்தத் தூரம். முதலாவது எப்போதும் இரண்டாவதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி.

நிறுத்தத் தூரத்தில் இரண்டு துண்டு உண்டு. கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்கைத் தொடும் வரை வண்டி பழைய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். இதற்கு இரண்டரை நொடி என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறது இந்தியச் சாலைகள் காங்கிரஸ். 1934-இல் தொடங்கிய இந்த அமைப்புதான் நம் நாட்டுச் சாலைகளுக்கான அளவுகளை வகுக்கிறது. அடுத்த துண்டு, பிரேக் பிடித்த பிறகு டயர் தரையைப் பற்றி நிற்க ஆகும் தூரம். முதல் துண்டு வேகத்தோடு நேராகக் கூடும். இரண்டாவது, வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். அதாவது வேகம் இரட்டித்தால் பிரேக் தூரம் நான்கு மடங்கு.

அந்த அமைப்பின் கணக்குப்படி 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நிற்க 30 மீட்டர் வேண்டும். 40-இல் போனால் 45 மீட்டர். 60-இல் 80 மீட்டர். 80-இல் 120 மீட்டர். இது சமதளத்துக்கான கணக்கு. மழை பெய்து தார் வழுக்கினால், அல்லது இறக்கத்தில் வண்டியின் எடையே அதை முன்னால் தள்ளினால், இன்னும் நீளும்.

இந்த எண்களை ஒரு வளைவில் வைத்துப் பாருங்கள். பாறை மறைக்கும் திருப்பத்தில் 35 மீட்டர்தான் தெரிகிறது என்றால் அங்கே 30-க்கு மேல் போகிற எவரும் குருட்டு நம்பிக்கையில்தான் ஓட்டுகிறார். அவர் நல்ல டிரைவரா, வண்டி புதுசா என்பதெல்லாம் அப்புறம். மோதாமல் போனால் அன்றைக்கு எதிரே யாரும் வரவில்லை என்று அர்த்தம்.

இன்னொரு சிக்கல். ஒரே ஒரு வண்டி போகும் அகலமுள்ள ரோட்டில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்தால் இரண்டுமே நிற்க வேண்டும். அப்போது வேண்டிய பார்வைத் தூரம் இரட்டிப்பு. 30 கிலோமீட்டர் வேகத்துக்கே 60 மீட்டர். குறுகிய ரோடுகளை ஆபத்து என்று சொல்வதில் உள்ள நியாயம் இதுதான். டீக்கடையின் முதல் கட்சிக்கு ஒரு மதிப்பெண் கொடுத்துவிடலாம்.

இதுவரை சொன்னது: ஒவ்வொரு வளைவுக்கும் அது தாங்கும் வேகம் ஒன்று உண்டு. அதை முதலில் தீர்மானிப்பது அங்கே தெரியும் தூரம். வண்டிகள் அந்த வேகத்தை மீறும் இடத்தில் ஆபத்து பிறக்கிறது.

எந்த வளைவு குருட்டு வளைவு?

மலைப்பாதை இரண்டு விதமாக வளையும். ஓடை இறங்கும் மடிப்புக்குள் ரோடு போய்த் திரும்பும்போது பள்ளத்துக்கு மேலாக எதிர்ப்பக்கம் முழுதும் தெரியும். லாரி வருவதை முந்தைய திருப்பத்திலிருந்தே பார்த்துவிடலாம். மலை மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தை ரோடு சுற்றிப் போகும்போது கதை வேறு. மலை வளைவின் உட்பக்கம் இருப்பதால் பார்வை பாறையில் முட்டி நின்றுவிடும். ஹாரன் அடிக்கச் சொல்லும் பலகைகள் பெரும்பாலும் இந்த மூக்குகளில்தான் இருக்கும்.

இங்கே முழு ரோட்டையும் அகலப்படுத்த வேண்டியதில்லை. உட்பக்கப் பாறையை, ஓட்டுபவரின் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் ஒரு திண்ணைபோல வெட்டிவிட்டால் போதும். ரோட்டின் அகலம் மாறாது, பார்வை மட்டும் திறக்கும். பல இடங்களில் அதுகூட வேண்டாம். மழைக்குப் பிறகு ஓரத்தில் புதராக மண்டும் உண்ணிச்செடியை வெட்டினாலே பத்து, பதினைந்து மீட்டர் கூடுதலாகத் தெரியும். ஆனால் புதர் வெட்டுவதற்குக் கல்வெட்டு வைத்துத் திறப்புவிழா நடத்த முடியாது என்பதாலோ என்னவோ, அது மேம்பாட்டுப் பணி என்ற கணக்கில் சேர்வதே இல்லை.

பாறையை வெட்டுவதிலும் அளவு வேண்டும். மலைச்சரிவின் அடியைக் குடைந்தால் மேலே உள்ள மண்ணுக்குப் பிடிமானம் போய்விடும். அடுத்த வடகிழக்குப் பருவமழையில் அது ரோட்டுக்கே இறங்கி வரும். அகலப்படுத்திய இடங்களில் மண்சரிவு என்று அடிக்கடி படிக்கிறோமே, அதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

வளைவு ஏன் வெளியே தள்ளுகிறது?

பார்வை நன்றாக இருந்தாலும் வளைவுக்கு இன்னொரு எல்லை உண்டு. நேராகப் போக நினைக்கும் வண்டியை உள்நோக்கி இழுத்துத் திருப்ப வேண்டும். அந்த இழுப்பைத் தருவது டயருக்கும் தாருக்கும் இடையிலான பிடி. பிடிக்கு உதவியாக, வளைவின் வெளிவிளிம்பை உயர்த்தி உட்பக்கம் சாய்த்து ரோடு போடுவார்கள். இதற்கு சூப்பர் எலிவேஷன் என்று பெயர். மலைச்சாலைகளில் நூற்றுக்குப் பத்து வரை, அதாவது பத்து மீட்டர் அகலத்துக்கு ஒரு மீட்டர் உயரம் என்ற சாய்வு வரை போகலாம்.

கொண்டை ஊசி வளைவுக்கு இந்தியச் சாலைகள் காங்கிரஸ் சொல்லும் குறைந்தபட்ச அளவு, உட்புற ஆரம் 14 மீட்டர், வேகம் 20 கிலோமீட்டர். வளைவு எந்த வேகத்தைத் தாங்கும்படி கணக்கிட்டு வரையப்பட்டதோ அது வடிவமைப்பு வேகம். அதே வளைவில் 30-இல் போனால் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். வேகம் ஒன்றரை மடங்குதான், ஆனால் வெளியே தள்ளும் விசை இரண்டேகால் மடங்கு. சாய்வும் பிடியும் சேர்ந்து தருவதாக வடிவமைப்பில் வைத்திருக்கும் கணக்கு அங்கே முடிந்துபோகிறது. ஈர ரோட்டிலும் மணல் சிதறிய ரோட்டிலும் அப்புறம் கடவுள் விட்ட வழி.

நாம் இடதுபுறம் ஓட்டுகிறவர்கள். அதனால் வேகம் மிஞ்சினால் வண்டி எங்கே போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். இடப்பக்கம் திரும்பும் வளைவில் மிஞ்சினால் எதிர்த் தடத்துக்குள், வரும் பஸ்ஸின் முன்னால். வலப்பக்கம் திரும்பும் வளைவில் மிஞ்சினால் ரோட்டை விட்டே வெளியே. அந்தப் பக்கம் பள்ளமாக இருந்தால் மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. தடுப்பு எங்கே வேண்டும், நடுக்கோடு எங்கே அழுத்தமாக வேண்டும் என்பதை இந்த எளிய கணக்கிலிருந்தே முடிவு செய்யலாம்.

உண்மையான பொறி: நல்ல ரோடு முடிகிற இடம்

இப்போது டீக்கடையின் இரண்டாவது கட்சிக்கு வருவோம். தார் போட்டதும் விபத்து கூடியது என்ற புகார் பல ஊர்களில் கேட்கிற ஒன்று. காரணம் தார் அல்ல. தார் போட்ட விதம்.

ஓட்டுபவர் வேகத்தைத் தீர்மானிப்பது பலகையைப் பார்த்து அல்ல, கண்முன் தெரியும் ரோட்டைப் பார்த்து. அகலமாக, நேராக, வழவழப்பாக இருந்தால் கால் தானாக ஆக்ஸிலேட்டரை அழுத்தும். இதில் தப்பும் இல்லை, மனித இயல்பு அப்படி. நிலம் எளிதாகக் கிடைத்த ஒரு கிலோமீட்டரை மட்டும் இருவழியாக அகலப்படுத்தி, அதன் முடிவில் பழைய குறுகிய வளைவை அப்படியே விட்டுவிட்டால் என்ன நடக்கும்? 70-இல் வருகிறவர் 20-க்கான வளைவைச் சந்திக்கிறார். ரோடு முழுக்க மோசமாக இருந்தபோது அவர் 30-இல் வந்திருப்பார். ஆக, பாதி செய்த மேம்பாடு, எதுவும் செய்யாததைவிட ஆபத்தானது. என்னைக் கேட்டால், கிராமச் சாலை வேலைகளில் அதிகம் நடப்பதும் அதிகம் கண்டுகொள்ளப்படாததும் இந்தத் தவறுதான்.

உள்ளூர்க்காரருக்கு அந்த வளைவு தெரியும். கண்ணை மூடிக்கொண்டு வேகத்தைக் குறைப்பார். ஈரோட்டிலிருந்தோ பெங்களூருவிலிருந்தோ முதல்முறை வருகிறவருக்குத் தெரியாது. சாலையின் வடிவமைப்பு அவரை மனத்தில் வைத்துத்தான் இருக்க வேண்டும். நெதர்லாந்தில் இதற்கென்றே ஒரு கொள்கை வளர்ந்தது. பலகை வைத்துச் சொல்லாமல், எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்பதை ரோடு தன் தோற்றத்தாலேயே சொல்ல வேண்டும் என்பது அது. அங்கே 60 கிலோமீட்டர் கிராமச் சாலைகள் பலவற்றில் நடுக்கோடே கிடையாது. இரு ஓரமும் கோடு போட்டு, நடுவில் ஒரே தடம் இருப்பதுபோலக் காட்டுவார்கள். ரோட்டின் அகலம் அதேதான், ஆனால் கண்ணுக்குக் குறுகலாகத் தெரிவதால் கால் தளரும்.

சுருக்கமாக: வேகத்தைக் கூட்டும் எதைச் செய்தாலும், அந்த வேகத்துக்கு அடுத்த வளைவு தயாரா என்று பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும். தயாராக இல்லையென்றால் வளைவைத் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் வேகம் ஏறாதபடி நேர்த்துண்டை வைத்திருக்க வேண்டும்.

அகலம் எங்கேதான் வேண்டும்?

அகலமே வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கே என்பதில்தான் விஷயம்.

முதலாவது, வளைவுக்குள். நீளமான பஸ் திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் வராது, உட்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். கொண்டை ஊசி வளைவில் ஏறும் பஸ்ஸைக் கொஞ்சம் நின்று கவனித்தால் இது தெளிவாகத் தெரியும். டிரைவர் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, பஸ்ஸின் மூக்கை எதிர் ஓரம் வரை கொண்டுபோய்த் திருப்புவார். அந்த நேரத்தில் பின்சக்கரம் உள்விளிம்புக் கல்லை உரசிக்கொண்டு போகும். முழு வளைவும் அந்த ஒரு வண்டிக்கே சரியாக இருக்கும். உட்பக்கச் சந்தில் நுழையப் பார்க்கும் பைக்குக்கு அங்கே இடம் இருப்பதாகத் தெரிவது பொய்த்தோற்றம், அடுத்த இரண்டு நொடியில் அது மூடிவிடும். இதற்காகத்தான் இறுக்கமான வளைவுகளில் மட்டும் கூடுதல் அகலம் தருவார்கள். 20 மீட்டர் வரை ஆரமுள்ள வளைவில் இருவழிச் சாலைக்கு ஒன்றரை மீட்டர் சேர்க்க வேண்டும் என்பது விதி.

இரண்டாவது, சைடு கொடுக்கும் இடங்கள். ஒற்றை வழிப் பாதையில் கிலோமீட்டருக்கு இரண்டு, மூன்று இடங்களில் மட்டும் ஒரு வண்டி ஒதுங்கி நிற்கும் அளவுக்கு ரோட்டை விரித்துவிட்டால், பாதை முழுவதையும் அகலப்படுத்தும் செலவில் சிறு பங்கிலேயே பாதிப் பிரச்சினை தீரும். ஒதுங்கும் இடம் ஒன்றிலிருந்து அடுத்தது தெரிய வேண்டும், அதுதான் முக்கியம். ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது நம் சாலை விதிகளிலேயே இருக்கிறது. சமவெளியிலிருந்து வரும் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை என்பது வளைவில் எதிரெதிரே நின்று முறைத்துக்கொள்ளும் வண்டிகளைப் பார்த்தாலே தெரியும்.

மற்றபடி, முழு நீளத்துக்கும் அகலப்படுத்தினால் எவ்வளவு லாபம்? ஒரு நாளில் எத்தனை வண்டி தாங்கும் என்பதைச் சாலையின் கொள்ளளவு என்பார்கள். பஸ்ஸைப் பல கார்களுக்குச் சமமாகவும் பைக்கைக் காருக்குக் குறைவாகவும் மாற்றிக் கணக்கிடுவது வழக்கம். இந்தியச் சாலைகள் காங்கிரஸின் அளவுப்படி, வளைவுகள் குறைந்த மலைச்சாலையை ஐந்தரை மீட்டரிலிருந்து இருவழிக்குரிய ஏழு மீட்டருக்கு விரித்தால் கொள்ளளவு 5,200-லிருந்து 7,000 ஆகும். வளைவுகள் நெருங்கிய மலைச்சாலையில் அதே வேலையைச் செய்தால் 4,500-லிருந்து 5,000 மட்டுமே. மலையைக் குடைந்து, மரம் வெட்டி, கோடிக்கணக்கில் கொட்டிக் கிடைப்பது ஒன்பதில் ஒரு பங்கு. வளைவுகள்தான் அங்கே எல்லை, அகலம் அல்ல.

தாரின் விளிம்பு

யாரும் பேசாத இடம் ஒன்று உண்டு. தார் முடிந்து மண் தொடங்கும் விளிம்பு. காண்ட்ராக்டர்கள் பெர்ம் என்று சொல்லும் அந்த ஓர மண்பகுதி, வண்டி தடுமாறினால் மீண்டு வருவதற்காகவும், நடப்பவர்களுக்காகவும் உள்ளது. பழைய தாரின் மேலேயே புதுத் தார், அதன் மேல் இன்னொரு தார் என்று போட்டுக்கொண்டே போனால் ரோடு உயரும், பெர்ம் பழைய மட்டத்திலேயே நிற்கும். மழைத்தண்ணீர் வேறு அதை அரித்துக்கொண்டு போகும். கடைசியில் ஒரு சாண் உயரத்தில் செங்குத்தான படி உருவாகிவிடும்.

எதிரே வரும் காருக்கு ஒதுங்கும் ஸ்கூட்டர் அந்தப் படியில் இறங்குகிறது. பின்னால் பிள்ளை, முன்னால் அரிசிப் பை. திரும்ப ஏற ஹேண்டிலைத் திருப்புகிறார். சின்னச் சக்கரம் படியின் பக்கவாட்டில் உரசிக்கொண்டே போகிறதே தவிர ஏறுவதில்லை. இன்னும் கொஞ்சம் திருப்ப, சட்டென்று ஏறி, வண்டி குறுக்கே பாய்கிறது. போலீஸ் பதிவில் இது ஓட்டுநர் கவனக்குறைவு என்று எழுதப்பட்டுவிடும். உண்மையில் நாலு டிராக்டர் கிராவல் கொட்டி, தார் மட்டத்துக்குச் சரிவாக இறுக்கியிருந்தால் நடந்திருக்காத விபத்து.

மலைப்பக்க ஓரத்தில் வடிகால் வேண்டும். அது தூர்ந்தால் தண்ணீர் ரோட்டுக்கு ஏறிச் செம்மண்ணையும் சரளையையும் வளைவுகளில் பரப்பிவிடும். முன்பு சொன்ன டயர் பிடிக்கு எமன் அதுதான்.

பலகை, கண்ணாடி, தடுப்பு

இவை எல்லாம் கடைசி வரிசை. இருந்தாலும் தேவைப்படும்.

மஞ்சளும் கறுப்புமாக அம்புக்குறிபோல அடுக்கி வைக்கும் பலகைகளுக்கு செவ்ரான் என்று பெயர். வளைவு எவ்வளவு இறுக்கம் என்பதை இரவில் முன்கூட்டியே வரைந்து காட்டுவது அவற்றின் வேலை. ஒன்று இருந்தால் பயனில்லை, வளைவு நெடுக வரிசையாக இருக்க வேண்டும். குவிக்கண்ணாடி எதிரே வண்டி வருகிறது என்பதைச் சொல்லும். ஆனால் உருவம் சிறிதாகத் தெரிவதால் அது தொலைவில் இருப்பதாக ஏமாற்றும், பனி படிந்தால் எதையும் காட்டாது. ரோட்டில் பட்டைபட்டையாகத் தடித்து வரைந்து அதிர வைக்கும் கோடுகளை வளைவுக்கு முந்தைய நேர்ப்பகுதியில் போட வேண்டும். வளைவுக்குள்ளேயே போட்டால் சாய்ந்து திரும்பும் பைக்கைத்தான் கவிழ்க்கும்.

தடுப்பு என்றால் விபத்தைத் தடுப்பது என்று நினைக்கிறோம். அது விபத்தைத் தடுக்காது, நடந்துவிட்ட விபத்தின் கடுமையைக் குறைக்கும். பள்ளத்தில் உருள்வதற்குப் பதில் இரும்பில் உரசி நிற்கலாம். தமிழ்நாட்டு மலைப்பாதைகள் சிலவற்றில் இப்போது உருளும் தடுப்புகள் வந்திருக்கின்றன. மோதும் காரைச் சுழலும் உருளைகள் ரோட்டுப் பக்கமே திருப்பிவிடும். நல்ல ஏற்பாடுதான். அதற்காக அதை வைத்துவிட்டோம், பாதை பாதுகாப்பாகிவிட்டது என்று போட்டோ எடுத்துப் போடுவதில் அர்த்தமில்லை.

இறக்கத்தில் மட்டும் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறி, ஒரு கட்டத்தில் பிடிக்காமல் போகும். ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வது இதற்குத்தான். கல்லட்டியில் பல விபத்துகள் இறங்கும்போதுதான் நடந்தன. 2018-இல் சென்னையிலிருந்து வந்த பயணிகளின் கார் அங்கே பள்ளத்தில் கவிழ்ந்தது, இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு வெளியூர் வண்டிகள் ஊட்டியிலிருந்து அந்த வழியாக இறங்கத் தடை வந்தது. தாரோ சிமென்ட்டோ இல்லாமல் செய்த பாதுகாப்பு ஏற்பாடு அது.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

ரோடு எத்தனை வண்டி தாங்க வேண்டும் என்று தீர்மானிக்க, சில நாள் நின்று வண்டிகளை எண்ணிச் சராசரி எடுப்பார்கள். சாதாரணக் கிராமச் சாலைக்கு இது போதும். உல்லாசப் பயணிகள் வரும் சாலையில் சராசரி ஏமாற்றும். செவ்வாய்க்கிழமை காலி ரோடு. ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆகாய கங்கைப் பக்கம் நகர முடியாது. ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும் நாட்களைக் கேட்கவே வேண்டாம். இரண்டையும் கூட்டி வகுத்தால் வரும் எண், இரண்டு நாளுக்குமே பொருந்தாது.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்றபடி ரோட்டை அகலப்படுத்தினால், மற்ற நாட்களில் அந்தக் காலி அகலம் வேகத்தைத்தான் வளர்க்கும். செம்மேட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களும் பள்ளிக்கு நடக்கிற பிள்ளைகளும் அந்த வேகத்தின் ஓரத்தில்தான் நிற்க வேண்டியிருக்கும். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் கூடும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. அதனால் ஊருக்குள் நுழையும் இடத்தில் ரோடு குறுகுவதுபோலத் தெரிய வேண்டும், நடைபாதை உயர்ந்திருக்க வேண்டும், பஸ் நிற்கத் தனி இடம் வேண்டும்.

அதுமட்டுமல்ல, ஞாயிறு நெரிசலுக்குப் பாதிக் காரணம் ஓடும் வண்டிகள் அல்ல, நிற்கும் வண்டிகள். காட்சிமுனையிலும் அன்னாசிக் கடையிலும் செல்ஃபி எடுக்கும் வளைவிலும் கார்கள் ரோட்டிலேயே நிற்கின்றன. அகலப்படுத்திய ஒன்றரை மீட்டரும் அன்று மாலைக்குள் பார்க்கிங்காக மாறியிருக்கும். அதே பணத்தில் வளைவுக்குத் தள்ளி ஒரு வண்டி நிறுத்துமிடம், அங்கிருந்து அருவிக்கு ஒரு மினி பஸ் என்று ஏற்பாடு செய்தால் இருக்கிற ரோடே போதுமானதாகிவிடும்.

வண்டிகளின் எண்ணிக்கையையே கட்டுப்படுத்துவது இன்னொரு வழி. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு வைத்தார்கள். ஹோட்டல்காரர்களும் வியாபாரிகளும் எதிர்த்ததில் அவர்கள் பக்க நியாயம் உண்டு, சீசனில் சம்பாதித்தால்தான் வருஷம் ஓடும். கொல்லிமலைக்கு உடனே அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு பாதை இருக்கிறது. விழா நாட்களிலும் நெரிசலான ஞாயிறுகளிலும் வெளியூர் வண்டிகளை ஒன்றில் ஏற்றி மற்றதில் இறக்கிப் பார்க்கலாம். எதிரே வரும் வண்டி குறைந்தால் கொண்டை ஊசி வளைவில் நேருக்கு நேர் சந்திப்பதும் குறையும், சைடு கொடுக்கும் சண்டையும் குறையும். மேலே குடியிருப்பவர்களுக்கும் பஸ்ஸுக்கும் ஆம்புலன்ஸுக்கும் விலக்கு கொடுத்துவிட்டு, இரண்டு அடிவாரத்திலும் நாலு போலீஸ்காரர்களை நிறுத்தி, ஒரு வாரம் முன்பே அறிவித்தால் முடிகிற வேலை. ஒரு லோடு ஜல்லிகூடத் தேவைப்படாது.